பதினாறு பேரின் எடை

எடைக்குறைப்பு மாத்திரைப் புட்டிகளின் மேல் அச்சிடப்படும் சொற்களுள் மிகுந்த விலைமதிப்புடையது 'மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்பதே. இச்சொற்றொடரை விளம்பரக்காரர்கள் எப்போதும் தாமாகப் புனைந்துகொள்வதில்லை. பல வேளைகளில் அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஓர் ஆய்வுக்கட்டுரை இருக்கிறது; அதற்கு இதழ் உண்டு, தொகுதி எண் உண்டு, மதிப்பீட்டாளர்களின் ஒப்புதல் உண்டு. ஆகவே ஏமாற்றும் வணிகர், ஏமாறும் நுகர்வோர் என்று இருவரை மட்டும் நிறுத்தி இப்பொருளை விவாதிப்பது போதாது. மூன்றாமவரும் உண்டு. கட்டுரை எழுதியவர், அதை மதிப்பிட்டு ஏற்றவர், வாசிக்காமலே மேற்கோள் காட்டியவர் எல்லோரும் அந்த மூன்றாமவரில் அடக்கம்.

பச்சைக் காப்பிக்கொட்டையின் கதை இதற்குத் தெளிவான சான்று. வறுக்காத காப்பிக்கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் மிகுதி. வறுக்கும்போது அதில் பெரும்பங்கு சிதைந்துவிடும். அந்த அமிலம் எடையைக் குறைக்கும் என்ற கருத்தை முன்வைத்து 2012 இல் 'டயபெடிஸ், மெட்டபாலிக் சிண்ட்ரோம் அண்ட் ஒபீசிட்டி' என்ற இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆய்வு நடந்த இடம் இந்தியா. கலந்துகொண்டோர் 16 பேர். காலம் 22 வாரம். அவர்கள் சராசரியாக 8 கிலோ இழந்தார்கள், அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தார்கள் என்று கட்டுரை கூறியது. அதே ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெயர்பெற்ற மருத்துவர் மெஹ்மெத் ஆஸ் தம் நிகழ்ச்சியில் இச்சாற்றைப் புகழ்ந்துரைத்தார். விற்பனை பெருகியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 செப்டம்பரில், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. ஆணையத்தின் குற்றச்சாட்டுகள் ஆய்வு முறையியல் வகுப்பில் பாடமாக வைக்கத்தக்கவை. ஆய்வை நடத்தியவர் பங்கேற்பாளர்களின் எடையையும் பிற அளவுகளையும் பலமுறை மாற்றியிருந்தார். ஆய்வின் கால அளவு மாற்றப்பட்டிருந்தது. யார் சாற்றை உட்கொண்டார், யார் மருந்தற்ற வெற்று மாத்திரையை உட்கொண்டார் என்பதே பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் எழுதப்பட்ட கட்டுரையை எந்த இதழும் ஏற்காத நிலையில், அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரிடம் அதைத் திருத்தி எழுதும் பணி கொடுக்கப்பட்டது. ஒன்றோடொன்று முரண்பட்ட தரவுகள் கைக்கு வந்தபோதும், அவற்றின் மெய்ம்மையை அவர்களோ நிறுவனமோ சரிபார்க்கவில்லை என்கிறது ஆணையம். நிறுவனம் 35 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இதில் வருந்தத்தக்கது மோசடி மட்டும் அன்று. மோசடி எங்கும் நடக்கும். அதைப் பிடிப்பதற்கான வலையே மதிப்பீட்டு முறை. உணவுமுறையில் பெரிய மாற்றமில்லாமல் வெறும் 16 பேர் 22 வாரத்தில் உடலின் பத்திலொரு பங்கை இழந்தார்கள் என்ற முடிவு மேசைக்கு வந்தபோது, 'இவ்வளவு ஆற்றல் எங்கே போயிற்று?' என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி உள்ளது என்பது இளநிலை மாணவரும் அறிந்த கணக்கு. எண்ணைக் கண்டு எவரும் திடுக்கிடவில்லை. பிடித்தது ஆய்வுலகம் அன்று, ஒரு வணிக ஆணையம். அதுவும் வேறொரு நாட்டின் ஆணையம். அந்தப் பதினாறு பேரின் எடை இந்திய மண்ணில்தான் அளக்கப்பட்டது. ஆனால் இந்திய ஆய்வுலகில் அக்கட்டுரை பெரிய விவாதமாக எழவே இல்லை. பச்சைக் காப்பிப் பொடி இன்றும் இணையக் கடைகளில் எடை குறையும் என்ற சொல்லோடு விற்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறலாம். புட்டியின் மேல் ஒட்டிய வாசகத்தை எந்த இதழாசிரியரும் திரும்பப் பெற முடியாது.

எல்லாமே மோசடி என்று சொல்லிவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. நேர்மையான அறிவியலும் இதே சந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குச் சான்று குடம்புளி.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாக வளரும் இம்மரத்தின் காய்ந்த கனித்தோல் கேரளத்தின் மீன்குழம்புக்குப் புளிப்பூட்டுகிறது; குடகில் அதன் சாற்றைக் காய்ச்சிக் கச்சம்புளி ஆக்குகிறார்கள். அதன் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ அன்று, ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலமே என்று 1965 இல் நிறுவியவர்கள் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவர். அடக்கமான, துல்லியமான தாவர வேதியியல் அது. நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவில் வாட்சன், ஃபாங், லோவன்ஸ்டைன் ஆகியோர், இந்த அமிலம் சிட்ரேட்டைப் பிளக்கும் நொதியை வலுவாகத் தடுக்கிறது என்று காட்டினர். மாவுச்சத்தை உடல் கொழுப்பாக மாற்றும் பாதையில் அந்த நொதி ஒரு வாயில். வாயிலை அடைத்தால் கொழுப்பு உருவாகாது; எலிகளில் அது ஓரளவு மெய்ப்படவும் செய்தது.

இங்கிருந்து மனித இடுப்புக்குத் தாவியதுதான் பிழை. மாவுச்சத்து மிகுந்த தீவனத்தை உண்ணும் எலி, தன் கொழுப்பில் கணிசமான பகுதியை அந்தப் பாதை வழியாகவே ஆக்குகிறது. கலப்புணவு உண்ணும் மனிதரில் அப்பாதையின் பங்கு சிறிது; வயிற்றில் சேரும் கொழுப்பின் பெரும்பகுதி, உண்ட எண்ணெயிலும் நெய்யிலும் இருந்து நேரே வந்து தங்குவது. ஆள் நடமாட்டம் குறைந்த வாயிலை அடைத்துவிட்டு ஊரையே பூட்டியதாகச் சொல்வது போன்றது இது. இதே நொதியைக் கல்லீரலில் தடுக்கும் பெம்பிடோயிக் அமிலம் 2020 இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக, எடையைக் குறைப்பதற்காக அன்று.

மனிதரில் முறையாகச் சோதித்த முதல் பெரிய ஆய்வு 1998 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஹெய்ம்ஸ்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 135 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம். மறுபிரிவுக்கு வெற்று மாத்திரை. இரு பிரிவினருக்கும் ஒரே குறைகலோரி உணவு. 12 வார முடிவில் அமிலம் உட்கொண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இழந்தனர். வெற்று மாத்திரை விழுங்கியவர்கள் இழந்தது 4.1 கிலோ. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனாலும் இந்த ஆய்விலிருந்தே ஒரு விளம்பரத்தைச் செய்ய முடியும்: 'ஆய்வில் பங்கேற்றவர்கள் 12 வாரத்தில் 3 கிலோவுக்கும் மேல் இழந்தனர்'. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒப்பீட்டுப் பிரிவை மட்டும் மறைத்தால் போதும்.

2011 இல் ஒனாக்போயாவும் உடன் ஆய்வாளர்களும் குடம்புளி ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, வெற்று மாத்திரையைவிட 0.88 கிலோ கூடுதல் இழப்பு தெரிந்தது. அதன் நம்பக எல்லை சுழியத்தைத் தொட்டுநின்றது. கண்டிப்பான முறையில் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அந்த வேறுபாடும் மறைந்தது. 0.88 கிலோ என்பது ஏறத்தாழ ஒரு புட்டித் தண்ணீரின் எடை. காலையில் ஏறி நின்ற அதே எடைக்கருவியில் இரவு உணவுக்குப்பின் ஏறி நின்றாலே அந்த அளவு மாறும். பச்சைத் தேயிலைக்கும் இதே கதிதான்: 2012 இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வில், ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளின் சராசரி இழப்பு சுழியத்தை ஒட்டியே இருந்தது.

அப்படியானால் 'எனக்குக் குறைந்ததே' என்று சொல்வோர் பொய்யர்களா? இல்லை. புதிதாக மாத்திரை தொடங்கும் அன்றே பலரும் இனிப்பையும் நிறுத்துகிறார்கள், நடக்கவும் தொடங்குகிறார்கள். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் உடல் தன் கிளைகோஜன் இருப்பைச் செலவிடுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் வெளியேறுகிறது. முதல் இரண்டு கிலோ பெரும்பாலும் நீரே. மெலிவுத் தேநீர் எனப்படும் பலவற்றில் இதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு: நிலாவரை இலை. உலக மருந்து நூல்களில் 'தின்னவேலி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரையே தாங்கி நிற்கும் மலமிளக்கி அது. சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலில். நிலாவரை வேலை செய்வது பெருங்குடலில். உண்ட கலோரி உள்ளே போய்விட்ட பிறகு நீரும் பொட்டாசியமும் மட்டும் வெளியேறுகின்றன. எடைக்கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

பயனில்லை என்றால் தீங்கும் இல்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. 'ஆய்வில் பக்கவிளைவு எதுவும் காணப்படவில்லை' என்ற வரி அவ்வெண்ணத்துக்கு நீர் ஊற்றுகிறது. இந்த வரியைப் புள்ளியியல் கற்பிப்பவர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓர் ஆய்வில் ஒரு தீங்கும் நிகழவில்லை எனில், அத்தீங்கின் உண்மையான வீதம் அதிகபட்சம் மூன்றைப் பங்கேற்றோர் எண்ணிக்கையால் வகுத்த அளவுவரை இருக்கலாம் என்பது பழைய, எளிய விதி. 300 பேர் கொண்ட ஆய்வில் ஒன்றும் நிகழாவிட்டால், நூற்றில் ஒருவருக்குத் தீங்கு வரக்கூடும் என்பதைக்கூட மறுக்க இயலாது. 16 பேர் கொண்ட ஆய்வு பாதுகாப்பைப் பற்றிச் சொல்லக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் கல்லீரல் அழற்சியை ஒருமுறையேனும் கண்ணால் காண, 3,000 பேரையாவது பின்தொடர வேண்டும். எந்த எடைக்குறைப்புச் சாற்றுக்கு அப்படியோர் ஆய்வு நடக்கிறது?

அதனால்தான் அரிதான தீங்குகள் ஆய்வுகளில் தெரிவதில்லை, மருத்துவமனைகளில் தெரிகின்றன. ஹைட்ராக்சிகட் என்ற வணிகப் பெயரில் விற்ற மாத்திரைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2009 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தபோது, அதன் கையில் 23 கடுந்தீங்கு அறிக்கைகளும் ஒரு மரணமும் இருந்தன. அமெரிக்காவின் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பு ஆய்வு வலையமைப்பு 2004 முதல் 2018 வரை திரட்டிய நோயாளர்களுள் 22 பேரின் பாதிப்பைக் குடம்புளிச் சாற்றோடு தொடர்புபடுத்தியது. அவர்களுள் பெரும்பாலோர் பச்சைத் தேயிலைச் சாறும் கலந்த பொருள்களை உட்கொண்டவர்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வகை வழக்கத்துக்கு மிஞ்சிக் காணப்பட்டதும் கவனத்துக்குரியது. தோழி உண்டாள், ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவ வாதம் இங்கே உடைகிறது; தோழியின் மரபணு வேறு. குழம்பில் போட்ட இரண்டு துண்டுப் புளியும், செறிவூட்டிய சாற்றை நாளுக்கு மூன்று வேளை விழுங்குவதும் ஒன்றல்ல. தேநீராகக் குடிக்கும் பச்சைத் தேயிலை பொதுவாகத் தீங்கற்றது. அதன் கேட்டகின் சேர்மம் ஈ.ஜி.சி.ஜி. நாளுக்கு 800 மில்லிகிராம் அளவில் மாத்திரையாகச் சேரும்போது கல்லீரல் நொதிகள் உயர்வதை 2018 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுட்டியது. 'பாட்டி காலத்திலிருந்தே உண்கிறோம்' என்ற வாதத்தில் பாட்டி உண்ட அளவு மட்டும் எப்போதும் விடுபட்டுவிடுகிறது.

மாத்திரை உண்மையிலேயே வேகமாக வேலை செய்தால் ஐயம் குறைய வேண்டியதில்லை, கூட வேண்டும். 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டறிந்த 776 கலப்படத் துணையுணவுகளில் 317 எடைக்குறைப்புக்கானவை. அவற்றுள் 269 இல் சிபுட்ராமின் இருந்தது. பசியை அடக்கும் இந்த மருந்து இதயத்துக்கும் மூளை நாளங்களுக்கும் கேடு விளைவிப்பது தெளிவானதால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010 இல் சந்தையை விட்டு நீங்கியது. இந்தியா 2011 இல் தடைசெய்தது. அதுவே 'நூறு விழுக்காடு மூலிகை' என்ற பெயரில் பின்வாசல் வழியே திரும்புகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த காலத்தில் இரத்த அழுத்தத்தையாவது பார்த்தார்கள்.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது? 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2016 இல் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறைகளின்படி, இத்தகைய மாத்திரைகளில் பெரும்பாலானவை உணவு. அதாவது புதிய மருந்து தன் பயனை நிரூபித்துவிட்டே கடைக்கு வர வேண்டும். இவை அப்படி நிரூபிக்காமலே வரலாம். புட்டியில் உள்ள 14 இலக்க உரிம எண் தயாரிப்பாளருக்கு உரிமம் உண்டு என்று சொல்கிறதே தவிர, பொருள் வேலை செய்யும் என்று சொல்லவில்லை. அதே புட்டியின் பின்புறத்தில் 'மருத்துவப் பயன்பாட்டிற்கன்று' என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். முன்புறம் வாக்குறுதி, பின்புறம் மறுப்பு. 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் உள்ளது. அதைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வது குற்றம். அதனால்தான் எந்த விளம்பரமும் 'உடற்பருமனைக் குணப்படுத்தும்' என்பதில்லை. 'கொழுப்பை எரிக்கும்', 'வளர்சிதை மாற்றத்துக்குத் துணைநிற்கும்' என்றே பேசுகிறது. எழுபது ஆண்டுப் பழைய சட்டத்தைச் சொல்லகராதி கொண்டு தாண்டிவிடுகிறார்கள்.

வாங்குவோரை எள்ளி நகையாடும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அவை அறிவியல் பரப்புரை என்ற பெயரில் மேட்டிமையைப் பரப்புகின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். திருமணச் சந்தையில் எடை கேட்கப்படுகிறது. மகப்பேற்றுக்குப் பின் உறவினர் வீட்டுத் திண்ணையில் எடை பேசப்படுகிறது. மருத்துவரிடம் போனால் 'வாயைக் கட்டு' என்ற இரண்டு சொல்லில் ஆலோசனை முடிகிறது. அந்த இடைவெளியில் பொறுமையாக, மரியாதையாக, தினமும் வாட்ஸ்அப்பில் நலம் விசாரித்துப் பேசும் ஒரே ஆள் மாத்திரை விற்பவராக இருக்கும்போது, வாங்கியவரை அறிவிலி என்பது நியாயமன்று.

உண்மையான மருந்துகள் வந்துவிட்ட பிறகு நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. 2021 இல் வெளியான செமக்ளூடைடு ஆய்வில் 1,961 பேர் 68 வாரம் பங்கேற்றனர். மருந்துப் பிரிவில் சராசரி இழப்பு உடல் எடையில் 14.9 விழுக்காடு, வெற்று ஊசிப் பிரிவில் 2.4 விழுக்காடு. விளைவு இருக்கும் இடத்தில் எண்கள் இப்படித்தான் தோன்றும். அம்மருந்துக்கும் குமட்டல் முதலான தொல்லைகள் உண்டு. நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி ஓராண்டில் திரும்புகிறது. ஆனால் அவை அளந்து அறியப்பட்டவை. அதன் புகழை ஒட்டி 2023 முதல் 'இயற்கை ஓசெம்பிக்' என்று கூவி விற்கப்படும் பெர்பெரின், வேறு மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தடுக்கக்கூடியது. கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டியது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அந்தப் பெயர் மட்டுமே.

ஆய்வுலகத்தின் பங்குக்குத் திரும்பலாம். சிறிய, நிறுவனம் பணம் கொடுத்த, எட்டு வாரத்தில் முடியும் ஆய்வுகள் பதவி உயர்வுக்கான கட்டுரை எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. எதிர்மறை முடிவுகள் இழுப்பறையில் தங்குகின்றன. எதிர்த்திசையில் எழுதுவோருக்கோ பாதுகாப்பில்லை. எடைக்குறைப்புப் பொருளை உட்கொண்ட ஓர் இளம்பெண் கல்லீரல் செயலிழந்து இறந்ததைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதிய அறிக்கை, இந்தியக் கல்லீரல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான பின், நிறுவனத்தின் சட்ட அச்சுறுத்தலை அடுத்து 2020 இல் பதிப்பகத்தால் நீக்கப்பட்டது. பச்சைக் காப்பிக் கட்டுரை நீங்கியது தரவு பொய் என்பதால். இது நீங்கியது வழக்கறிஞர் கடிதத்தால். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வு நெறிக்கே இழுக்கு. இத்தகைய கடிதம் வரும்போது ஆசிரியர்களின் பக்கம் நிற்கச் சட்டப்பிரிவு வைத்திருக்கும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் எத்தனை?

பெரிய நிதியில்லாமலே செய்யத்தக்க பணிகள் உண்டு. திரவ நிறப்பிரிகைக் கருவி இல்லாத மருந்தியல் துறை நாட்டில் அரிது. முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கு இருபது எடைக்குறைப்புப் புட்டிகளைச் சந்தையில் வாங்கி, சிபுட்ராமின் இருக்கிறதா, லேபிளில் எழுதிய அளவு உள்ளே இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லலாம். ஆண்டுதோறும் வேறொரு மூலிகையின் 'உடற்பருமன் எதிர்ப்புத் திறனை' மூன்று வாரம் ஆறு எலிகளில் ஆராய்வதைவிட அது நாட்டுக்கு உதவும். இன்னொன்று இதைவிடச் சிறியது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது. ஆயினும் கண் மஞ்சளாகி வரும் நோயாளியிடம் 'ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை, டாக்டர்' என்பார். தடம் அங்கேயே அறுந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் வாங்கியதைச் சட்டமே உணவு என்கிறது. மருத்துவக் கல்லூரிகளின் நோயாளர் பதிவுத்தாளில், மருந்து வரலாற்றுக்குக் கீழே தனி வரியாக ஒரு கேள்வி அச்சிடப்பட வேண்டும்: 'கடந்த ஆறு மாதத்தில் எடை குறையவோ உடம்பு தேறவோ பொடி, மாத்திரை, தேநீர் ஏதேனும்? இருந்தால் புட்டியைக் கொண்டுவரச் சொல்லவும்.'